நீ காரணம் எழுதாமல் விட்ட வரி

அன்புத் தம்பி இம்தியாஸ்,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நாற்காலியைத் திருப்பி, "டேய், இதை எதுக்குடா போட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். நீ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "அது பெரிய கதைக்கா, சாப்ட்டு வந்து சொல்றேன்" என்றிருப்பாய். இப்போது உன் நாற்காலியில் என் கைப்பையை வைத்திருக்கிறேன். அதில் வேறு யாரையும் உட்கார வைக்க மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. சபிஹா ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் மனைவி அழுத்தக்காரி, நீ பயந்த அளவுக்கு ஒடிந்துபோகவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் கொஞ்சம் ஜாஸ்தி. நான் போகும்போதெல்லாம் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை. குடியாத்தம் பஸ் போய்விடும் அம்மா என்றால், "போனா இன்னொண்ணு வரும், உக்காரும்மா" என்கிறார். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார்.

ஆபீசும் அப்படியேதான் இருக்கிறது. கீழே பேட்டரி கடைக்காரர் ஜெனரேட்டரை இன்னும் நம் ஜன்னலுக்கு நேர் கீழேதான் வைக்கிறார். நீ சண்டை போட்டே மாற்ற முடியவில்லை, நான் போட்டு என்ன ஆகப்போகிறது?

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பயந்துபோயிருக்கிறேன். காரணம் நீ எழுதிய ஒரே ஒரு வரி. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதும் அதனால்தான். நம்மைப்போல் மாடியில் ஒரு அறையைப் பிடித்து, தோல் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

இந்தப் பக்கத்தில் பிறக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். ஆளைவிட உயரமான மரப் பீப்பாய்தான் டிரம். முடி உதிர்வதற்காக அதற்குள் பச்சைத் தோல் சுண்ணாம்போடும் சல்பைடு ரசாயனத்தோடும் சுற்றும். அது முடிந்ததும் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவவேண்டும். கழுவின பிறகுதான் அமிலம் பக்கமே போகலாம். சரியாகக் கழுவாத டிரம்முக்குள் அமிலம் போனால் வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை மாதிரி வாடை வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அந்த நேரத்தில் டிரம் கதவருகே குனிந்தவன் எழுந்திருக்கமாட்டான்.

இதற்காகத்தானே நம்மைக் கூப்பிட்டார்கள்? டிரம் பக்கத்தில் ஒரு திரை வைத்தோம். வேலை செய்கிறவர் தன் எண்ணைப் போட்டு, கழுவியாச்சு என்று அழுத்தவேண்டும். பிறகு எண்ணைப் போட்டு அமிலம் கேட்டால், புரோகிராம் குழாயைத் திறந்துவிடும். அவ்வளவுதான் நம் வேலை. நான் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றேன். நீதான் ஒரு வரிகூட எழுதாமல் நாள் முழுக்க டிரம் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தாய். "நீ புரோகிராம் எழுத வந்தியா, வாட்ச்மேன் வேலைக்கு வந்தியா?" என்று கேட்டேன். சட்டையெல்லாம் தோல் வாடையோடு சிரித்தாய்.

அந்த வரிக்கு வருகிறேன். கழுவியாச்சு என்று அழுத்தியவரும் அமிலம் கேட்கிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், குழாய் திறக்காது. மறுபடியும் கழுவு என்று திரை சொல்லும். எழுதியது நீ. ஏன் எழுதினாய் என்று மேலே ஒரு குறிப்புகூட இல்லை. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் பத்தி பத்தியாகக் காரணம் எழுதி வைக்கிற ஆள் நீ. இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்?

கம்பெனியில் இப்போது சின்ன முதலாளிதான் எல்லாம். வாணியம்பாடி ரோட்டில் புதிதாக ஒரு யூனிட் கட்டுகிறார்கள். அங்கே டிரம்கள் இன்னும் பெரிசு. பழைய புரோகிராமைத் திருத்திப் புதிதாக எழுதிக் கொடுங்கள், இரண்டு யூனிட்டிலும் ஓடட்டும் என்றார். "தேவையில்லாத ஸ்டெப்லாம் எடுத்துடுங்க மேடம். ஸ்கிரீன் சிம்பிளா இருக்கணும்."

நீ போன பிறகு நம் தொழிலில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இப்போது பழைய புரோகிராமைப் படித்துப் பார்த்து யோசனை சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. நானும் ஒன்றை வைத்திருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது, நல்ல உதவிதான். அதனிடம் நம் புரோகிராமையும், அது ஓடிய பதிவுகளையும் கொடுத்தேன். உன் வரியைக் காட்டி, இந்த நிபந்தனை ஒரு வருடத்துக்கும் மேலாக ஒருமுறைகூட நிறைவேறவில்லை, நீக்கினால் பாதிப்பு இருக்காது என்று பணிவாகச் சொன்னது.

நான் நம்பாமல் பதிவுகளை நானே பார்த்தேன். கருவி சொன்னது சரி. நீ அந்த வரியைச் சேர்த்த புதிதில் சில தடவை குழாயை நிறுத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

வேறு யாராவது எழுதியிருந்தால் அப்போதே அழித்திருப்பேன். ஓடாத வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் எழுதியது நீ. தேவையில்லாமல் ஒரு வார்த்தை போடமாட்டாய். அழிக்கவும் கை வரவில்லை, காரணம் தெரியாமல் விட்டுவைக்கவும் மனம் ஒப்பவில்லை. ஒரு பக்கம், பாசத்தினால்தான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேனோ என்று சந்தேகம். இன்னொரு பக்கம், அழித்த மறுவாரம் போன் வந்தால்? யார் வீட்டு வாசலில் போய் நான் நிற்பேன்? பஸ்ஸில் இதே யோசனை. ஒருநாள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு அந்த ஆரம்பகாலப் பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாமே வெள்ளிக்கிழமை. எல்லாமே மதியம். ஜும்மா தொழுகை நேரம். அதற்கடுத்த வெள்ளியன்று, நீ செய்ததைத்தான் நானும் செய்தேன். போய் டிரம் பக்கத்தில் நின்றேன்.

யூசுப் பாய் இன்னும் மேஸ்திரிதான். உங்கள் தெருக்காரர், உன்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த மனிதர். என்னைப் பார்த்ததும் உன்னைத்தான் தேடுவதுபோல் ஒரு நிமிஷம் என் பின்னால் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டிரம் கழுவி முடிந்தது. பாய் திரையில் தன் எண்ணைப் போட்டு அழுத்தினார். கை கால் கழுவி, பையிலிருந்து தொப்பியை எடுத்தார். அடுத்த டிரம்மில் வேலை செய்யும் முருகேசன் வந்தார். அவரை நீ பார்த்திருப்பாய், கணியம்பாடிக்காரர், வெற்றிலை போடுவார்.

"முருகேசா, வர்ட்டா?"

"நீங்க போங்க பாய். நான் பாத்துக்கறேன்."

பாய் கேட்டைத் தாண்டினார். முருகேசன் திரை முன்னால் நின்று, யோசிக்காமல், தன் வீட்டுக் கதவைத் திறப்பதுபோல் எண்ணைப் போட்டார். குழாய் திறந்தது.

"இது யார் நம்பருங்க?" என்று கேட்டேன்.

"பாய் நம்பர் மேடம்."

"உங்க நம்பர் இருக்குதே?"

"என் நம்பர் போட்டா மறுபடியும் கழுவச் சொல்லுது மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாய் கழுவி வச்சத நான் திரும்பக் கழுவுனா இன்னா அர்த்தம்? அவர் தொழுதுட்டு வந்து பாக்கறார்னு வச்சிக்கோங்க. மனசு இன்னா ஆவும்?"

அவரே தொடர்ந்தார். "ஆடி மாசம் நான் கோயிலுக்குப் போறப்போ பாயும் என் நம்பரைத்தான் போட்டு ஓட்டுவார். எங்களுக்குள்ள அப்படித்தான்."

இது தெரியாமல்தான் அந்த வரி தேவையில்லை என்று நானும் கருவியும் உட்கார்ந்து முடிவு கட்டப் பார்த்தோம். தேவையில்லாததால் அது நின்றுபோகவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த மரியாதை அதை நிறுத்திவைத்துவிட்டது. புரோகிராமைப் பொறுத்தவரை எல்லா வெள்ளியும் யூசுப் பாயே கழுவி, யூசுப் பாயே அமிலம் விட்டிருக்கிறார். மனிதர் மசூதியில் தொழுதுகொண்டிருக்கும்போது.

அதற்குமேல் முருகேசன் ஒன்று சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. "ஒரு வெள்ளிக்கிழமை செம தமாஷு மேடம். பாய் கழுவியாச்சுன்னு அமுத்திட்டுப் போய்ட்டார். கழுவுறப்போ பாதியிலயே மோட்டார் நின்னு தொட்டியில தண்ணி இல்லாம போனது பாதி வழியிலதான் அவருக்கு ஞாபகம் வந்துருக்குது. செருப்புகூடப் போடாம ஓடி வர்றார், முருகேசா தொடாதன்னு கத்திக்கிட்டே. நான் நம்பர் போடறதுக்கு கை தூக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பேசிக்கொண்டே டிரம் கதவுப் பக்கம் போய், குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வேலைக்காரர்கள் எல்லாரும் பார்ப்பதுபோலத்தான். நரைத்த தலை, காதோரம் ஒரு பீடி. அந்தத் தலைக்கும் அந்த வாயுவுக்கும் நடுவில் இத்தனை நாளாக நம் புரோகிராம் இருக்கிறது என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். நடுவில் ஒன்றுமே இல்லை, இம்தியாஸ்.

பாய் தொழுதுவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக, வார்த்தை பார்த்துத்தான் சொன்னேன். அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்: "அப்டின்னா இம்தியாஸ் என்னைச் சந்தேகப்பட்டுத்தான் அதைப் போட்டானாம்மா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ ஏன் காரணம் எழுதவில்லை என்று. எழுதினால், யூசுப் பாய் அவசரத்தில் மறந்துபோகலாம் என்று எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அவர் மனம் மசூதியில் இருக்கும் என்று எழுதவேண்டும். அந்தப் புரோகிராமை நாளைக்கு முதலாளி படிக்கலாம், யாரும் படிக்கலாம். பாய் பெயரைக் கெடுக்க உனக்குக் கை வரவில்லை. தடையைப் போட்டுவிட்டு, காரணத்தை விழுங்கிவிட்டாய். முருகேசன் செய்ததும் இதுதானே? அவர் பாய் மனசு நோகக்கூடாது என்று எண்ணை மாற்றிப் போட்டார். நீ அதே காரணத்துக்காக எழுதாமல் விட்டாய். நான் நீ எழுதியதைக் கேள்வி கேட்க மனமில்லாமல் சும்மா வைத்திருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் நாம் எல்லாரும் ஒரே ரகம். மரியாதையிலேயே ஒருத்தரை ஒருத்தர் கொன்றுவிடுவோம் போலிருக்கிறது.

உன்மேல் கோபம் வந்தது. மறைக்கவில்லை, நிஜமாகவே வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? இந்த ஒரு வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை வந்து போயிருக்கும்?

பாயிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கள சந்தேகப்படல பாய். உங்கமேல அவனுக்கு இருந்த பாசத்துலதான் அதை வெளிய சொல்லாமலே விட்டுட்டான். அதுதான் தப்பாப்போச்சு" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சின்ன முதலாளியிடமும் போனேன். தோலிலிருந்து வடிகிற தண்ணீரில் சல்பைடு மிச்சம் இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர் ஒன்றைக் குழாயோடு இணைத்துவிட்டால், யார் கழுவினார் என்ற கேள்வியே வேண்டாம். ஆளைக் கேட்காமல் தண்ணீரைக் கேட்கலாம். தண்ணீருக்கு மனசு நோகாது. இதை அவருக்குப் புரியும்படி சொன்னேன்.

"நல்ல ஐடியாதான் மேடம். புது யூனிட்ல போட்றலாம். பழையதுல எதுக்கு? இத்தன நாள் ஒண்ணும் ஆகலியே."

"ஒண்ணும் ஆகாதது நம்ம புரோகிராமால இல்ல சார். பாய் செருப்பு போடாம ஓடி வந்ததால."

பழைய டிரம்களுக்கும் மீட்டர் வைத்தால்தான் புதிய யூனிட்டுக்கு எழுதித் தருவேன் என்றேன். "பாத்துச் சொல்றேன் மேடம்" என்றார். இன்னும் சொல்லவில்லை. சென்னையில் வேறொரு புரோகிராம் கம்பெனியிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று காதில் விழுகிறது. அவர்கள் வந்தால் இதையெல்லாம் கேட்பார்களா? அவர்களில் யாராவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து டிரம் பக்கத்தில் நிற்பார்களா?

மீட்டர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் பாயையும் முருகேசனையும் டீக்கடைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்துப் பேசினேன். நாமே உட்கார்ந்து யோசிப்பதை விட்டு அவர்களையே கேட்டால் என்ன என்று தோன்றியது. எப்படிச் செய்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்காது என்று கேட்டேன். முருகேசன்தான் சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாத்துட்டா பேஜாரே இல்ல மேடம். பாய் கெளம்பறதுக்கு முன்னாடி சல்பைடு மிச்சம் இருந்தா கலர் மாறுமே, அந்தப் பேப்பரை வடியற தண்ணியில நனைச்சு ரெண்டு பேரும் கலரைப் பாக்கறோம். ரெண்டு பேரும் நம்பர் போடறோம். அப்புறம் அவர் போகட்டும்." பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது ஒப்படைச்சிட்டுப் போற மாதிரி. அதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

அதைத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரை முன்னால் நின்று எண் போடாவிட்டால் கைமாறாது. கைமாறாமல் அமிலம் கிடையாது. மேலே காரணத்தையும் எழுதிவிட்டேன், தமிழில், பெயர் யாருடையதும் போடாமல். அவசரம் எல்லாருக்கும் வரும், மறதி எல்லாருக்கும் வரும், நல்ல மனசுக்காரர்களுக்கு இன்னும் அதிகமாக வரும் என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தேன். யார் மனசும் நோகாது என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கடிதத்தில் பெயர் எழுதலாமா என்று மட்டும் அவர்கள் இருவரையும் கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. நீ என்னைவிடக் கெட்டிக்காரன். உன் வரியையே அவர்கள் அன்பால் தாண்டிப் போய்விட்டார்கள். என் வரி எத்தனை நாள் தாங்கும்? அவசரமான ஒரு வெள்ளியன்று பாய் முதலிலேயே தன் எண்ணைப் போட்டுவிட்டு, "பேப்பர நீயே பாத்துக்கோ" என்று போய்விடமாட்டார் என்று என்ன நிச்சயம்? திரையில் நான் என்ன எழுதினாலும் அதற்கு முன்னால் நிற்பது இரண்டு தோஸ்த்துகள். முடிவான பதில் எழுதி முடித்து மூடிவைக்கிற தொழில் இல்லை இது என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று சொல்லவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருக்கிறேன். புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாக அதைத் தொட்டவர் பெயர் வரும் அல்லவா? நீ போனதிலிருந்து, நான் எதைத் திருத்தினாலும் ஓர் இடத்தில் உன் பெயர் போய் என் பெயர் வருகிறது. உன் பெயர் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில்கூடக் கை வைக்காமல் விட்டிருக்கிறேன். அந்த அமில வரிக்குப் பக்கத்தில் இன்றைக்கும் உன் பெயர்தான் இருக்கிறது. இது ஏன் என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல நீ வரமாட்டாய்.

அதனால், தம்பி, நாளைக்குக் காலையில் அதை நான் அழித்துவிட்டு என் வரியைப் போடுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன், நீ இருந்திருந்தால் நீயே அழித்திருப்பாய். இனி அந்த இடத்தில் என் பெயர் இருக்கும். ஏதாவது ஆனால் என்னைத்தான் கேட்பார்கள், கேட்கட்டும். இந்த வேலை சென்னைக்காரர்கள் கைக்குப் போனாலும் சரி, நம் கையிலேயே இருந்தாலும் சரி, அந்தக் கம்பெனி கேட் எனக்குத் திறக்கும்வரை வெள்ளிக்கிழமை மதியம் நான் அங்கே போய் நிற்பேன். முருகேசன் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
பதில் சொல்ல இருக்கிற உன் அக்கா
தேன்மொழி